எண்ணெய் நிறுவனத்தில் பிறந்த மின்கலம்: விட்டிங்ஹாமின் பாதையை வைத்து ஒரு பதில்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். லித்தியம் மின்கலங்களின் நேர்மின்வாய்க்கான, அதாவது நேர்முனைக்கான, பொருட்களில் முனைவர் பட்டத்தை முடிக்கும் தறுவாயில் இருக்கிறீர்கள். ஒரு நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவிலிருந்து வேலைக்கான அழைப்பு வந்திருக்கிறது. "கம்பெனிக்குப் போனவர்கள் திரும்பிப் பல்கலைக்கழகத்துக்கு வந்ததில்லை, பட்டத்துக்குப் பிந்தைய முதுமுனைவர் ஆய்வுக்கு வெளிநாடு போவதே நல்லது" என்று உங்கள் நெறியாளர் சொல்கிறார். அவர் சொல்வது உண்மையா என்று கேட்கிறீர்கள்.

பாதி உண்மை. நானே ஒரு நிறுவனத்தின் மின்கல ஆய்வகத்தில் ஏழு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுக் கல்லூரிக்குத் திரும்பியவன் என்பதால், அந்தப் பாதி எவ்வளவு கடினமானது என்பது எனக்குத் தெரியும். ஆனால் என் கதையை வைத்து உங்களுக்கு வழி சொல்வதைவிட, இதே துறையில் இரண்டு பக்கமும் வாழ்ந்து, அந்த வாழ்க்கை முழுவதும் பொதுவெளியில் பதிவாகியிருக்கிற ஒருவரை எடுத்துக்கொள்வது பயன்படும். 2019-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் ஒருவரான ஸ்டான்லி விட்டிங்ஹாமைச் சொல்கிறேன். அவருடைய பெயரைப் பாடநூலில் படித்திருப்பீர்கள். ஆனால் எந்த ஆண்டில் எங்கே சம்பளம் வாங்கினார் என்பதைப் பாடநூல் சொல்வதில்லை, உங்கள் கேள்விக்கான விடை அதில்தான் இருக்கிறது.

1941-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் பிறந்த அவர், ஆக்ஸ்ஃபோர்டில் பீட்டர் டிக்கன்ஸின் கீழ் ஆய்வு செய்து 1968-இல் முனைவர் பட்டம் பெற்றார். அப்போது அவர் கையில் இருந்த பொருள் டங்ஸ்டன் வெண்கலம் எனப்படுவது. பெயரில்தான் வெண்கலம், செம்பும் இல்லை, வெள்ளீயமும் இல்லை. மஞ்சள் நிற டங்ஸ்டன் ஆக்சைடுக்குள் சோடியம் போன்ற அணுக்கள் நுழையும்போது, அளவைப் பொறுத்து அது நீலமாகவும் பொன்னிறமாகவும் மாறுகிறது, மின்சாரத்தையும் கடத்துகிறது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், விருந்தாளி அணு உள்ளே வந்தாலும் வெளியே போனாலும் வீட்டின் சுவர் இடிவதில்லை. மின்கலம் என்ற சொல்லே அந்த ஆய்வேட்டின் மையத்தில் இல்லை. ஆனால் ஒரு திண்மத்தின் கட்டமைப்பு குலையாமல் அதற்குள் அணுக்கள் எப்படி நுழைகின்றன என்ற கேள்வி அங்கேயே தொடங்கிவிட்டது.

அங்கிருந்து அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ராபர்ட் ஹக்கின்ஸின் ஆய்வகத்துக்கு முதுமுனைவர் ஆய்வாளராகப் போனார். 1967-இல் ஃபோர்டு மோட்டார் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சோடியம்-கந்தக மின்கலத்தை அறிவித்திருந்தார்கள். அதில் பீட்டா அலுமினா என்ற திண்மத்துக்குள் சோடியம் அயனிகள் ஏறக்குறைய நீர்மத்தில் ஓடுவது போல ஓடின. அந்த ஓட்டத்தை அளக்க வேண்டுமானால், அயனியையும் எலெக்ட்ரானையும் ஒருசேர வாங்கிக் கொடுக்கக்கூடிய மின்வாய் தேவைப்பட்டது. விட்டிங்ஹாம் என்ன செய்தார் தெரியுமா? ஆக்ஸ்ஃபோர்டில் பழகிய அதே டங்ஸ்டன் வெண்கலத்தை மின்வாயாக வைத்து அளந்தார். முந்தைய இடத்தில் ஆய்வுப் பொருளாக இருந்தது அடுத்த இடத்தில் கருவியாக மாறிவிட்டது. அவர் வாழ்க்கையில் இது மறுபடியும் மறுபடியும் நடப்பதைப் பார்ப்பீர்கள்.

1972-இல் எக்ஸான் என்ற எண்ணெய் நிறுவனத்துக்குப் போனார். அந்தக் காலத்தில் எண்ணெய் தீர்ந்துவிடும் என்ற அச்சம் எண்ணெய் நிறுவனத்தையே பிடித்திருந்தது. பெட்ரோலியம் சாராத ஆற்றல் ஆய்வுக்காக நல்ல ஆய்வாளர்களைத் திரட்டி, ஏறக்குறைய விரும்பியதைச் செய்யும் சுதந்திரத்தையும் அந்த நிறுவனம் கொடுத்தது. (அதே 1972-இல் ஜப்பானில் அகிரா யோஷினோ முதுகலைப் பட்டத்தோடு அசாஹி கசெய் நிறுவனத்தில் சேர்ந்தார். பிற்காலத்தில் ஒரே நோபல் மேடையில் நின்ற இருவரும் ஒரே ஆண்டில் நிறுவன வாசலுக்குள் நுழைந்திருக்கிறார்கள்.) நியூ ஜெர்சி ஆய்வகத்தில் விட்டிங்ஹாமின் முதல் வேலை மீகடத்திகளை, அதாவது தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருட்களை, பற்றியது. டாண்டலம் டைசல்ஃபைடு என்ற அடுக்கமைப்புப் பொருளுக்குள் அயனிகளைச் செருகி, கடத்துதிறன் எப்படி மாறுகிறது என்று பார்த்தார்கள். அதில் பொட்டாசியத்துக்கும் அந்த அடுக்குகளுக்கும் இடையில் வெளிப்பட்ட ஆற்றல் எதிர்பாராத அளவுக்குப் பெரியதாக இருந்தது; அளந்து பார்த்தால் ஒரு மின்கலத்துக்குப் போதுமான மின்னழுத்தம். இது மீகடத்தியைவிட மின்கலத்துக்குத்தான் பொருத்தம் என்று கண்டுகொண்டவர், கனமான டாண்டலத்தை விட்டுவிட்டு எடை குறைந்த டைட்டானியத்துக்கு மாறினார். எதிர்முனையில் லித்தியம் உலோகம், நேர்முனையில் டைட்டானியம் டைசல்ஃபைடு. அறை வெப்பநிலையில் 2 வோல்ட்டுக்கு மேல் கொடுத்து, மீண்டும் மீண்டும் மின்னேற்றக்கூடிய லித்தியம் மின்கலம் இப்படித்தான் வந்தது.

நிறுவனம் என்றால் என்ன என்பதைக் காட்டும் ஒரு காட்சி இங்கே இருக்கிறது. விட்டிங்ஹாம் நியூயார்க்கில் இருந்த தலைமையகத்துக்குப் போய்த் தன் மின்கலத்தைப் பற்றி மேலாளர் குழுவிடம் விளக்கினார். கூட்டம் நடந்தது சுமார் 15 நிமிடம். அதற்குப் பிறகு விரைவிலேயே, இதை வணிகப் பொருளாக வளர்க்கலாம் என்று முடிவாகிவிட்டது. ஒரு நிதியுதவி விண்ணப்பத்தை எழுதிவிட்டு மதிப்பீட்டாளர் கருத்துக்காக ஓராண்டு காத்திருந்தவர்களுக்கு இந்த 15 நிமிடத்தின் அருமை புரியும். என் நிறுவன நாட்களில், ஈரப்பதம் நீக்கிய ஒரு புதிய உலர் அறை வேண்டும் என்று திங்கட்கிழமை பேசி, அதே வாரம் வெள்ளிக்கிழமைக்குள் கொள்முதல் ஆணை போனதை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் நிறுவனத்துக்குப் போனால் கிடைக்கும் உண்மையான வசதி சம்பளத்தைவிட இந்த வேகம்தான்.

அதே வேகம் மறுபக்கத்திலும் வேலை செய்யும், அதற்குச் சற்றுப் பொறுங்கள். இடையில் ஒரு தீ விபத்துக் கதை உண்டு. மின்னேற்றி இறக்கும்போது லித்தியம் உலோகத்தின் மேற்பரப்பில் மீசை போன்ற இழைகள் வளரும். அவை இரு முனைகளுக்கும் நடுவில் அயனிகளைக் கடத்தும் மின்பகுளியைத் தாண்டி மறுமுனையைத் தொட்டால் குறுக்குச்சுற்று ஏற்பட்டு நெருப்புப் பிடிக்கும். அந்த ஆய்வகத்துக்குத் தீயணைப்புப் படை பலமுறை வந்தது; லித்தியம் தீயை அணைக்கத் தேவைப்படும் சிறப்பு இரசாயனங்களுக்கு ஆய்வகமே பணம் கட்ட வேண்டியிருக்கும் என்று ஒரு கட்டத்தில் அவர்கள் எச்சரித்தார்கள். எதிர்மின்வாயில் அலுமினியத்தைச் சேர்த்தார்கள், மின்பகுளியையும் மாற்றினார்கள். 1976-இல் கண்டுபிடிப்பை வெளியிட்டார்கள். சூரிய ஒளியில் இயங்கும் கடிகாரங்களுக்காக ஒரு சுவிஸ் நிறுவனத்துக்குச் சிறிய அளவில் உற்பத்தியும் தொடங்கியது. 1977-இல் சிகாகோவில் நடந்த மின்வாகனக் கண்காட்சியில் பெரிய கலங்களையும் வைத்துக் காட்டினார்கள்.

இந்தக் காலத்தில் அவர் கற்றுக்கொண்ட ஒரு நுட்பத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் பதிலின் மையம் அதுதான். டைட்டானியம் டைசல்ஃபைடைக் காகித அடுக்கு போலக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கந்தகம், டைட்டானியம், கந்தகம் என்று மூன்று வரிசை சேர்ந்தது ஒரு தாள். தாளுக்கும் தாளுக்கும் நடுவில் உள்ள வெற்றிடத்தில்தான் லித்தியம் வந்து போகிறது. அது நுழையும்போது தாள்கள் சுமார் 10 விழுக்காடு விலகி இடம் கொடுக்கின்றன. ஆனால் தயாரிப்பில் கந்தகம் கொஞ்சம் குறைந்து டைட்டானியம் மிஞ்சிவிட்டால், அந்த மிஞ்சிய அணுக்கள் வெற்றிடத்தில் போய் உட்கார்ந்து, ஊசியால் குத்தியது போல இரண்டு தாள்களையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கின்றன. லித்தியத்தின் ஓட்டம் மந்தமாகிவிடும். வேதிச் சமன்பாட்டை எழுதிப் பார்த்தால் இது தெரியாது. பெரிய அளவில் தூள் தயாரித்து, ஒரே பெயர் கொண்ட இரண்டு தொகுப்புகள் ஏன் வேறுவேறாக நடந்துகொள்கின்றன என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடத்தில்தான் தெரியும். இந்தத் தூளை ஈரக்காற்றில் திறந்து வைத்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும் என்பதும் அப்படித்தான் தெரியவரும்.

இனி மறுபக்கம். 1980-களின் தொடக்கத்தில் எண்ணெய் விலை சரிந்தது. எக்ஸான் செலவைக் குறைத்தது. மின்கலத் திட்டம் நின்றது. தொழில்நுட்பம் உலகின் மூன்று பகுதிகளில் மூன்று நிறுவனங்களுக்கு உரிமமாகக் கொடுக்கப்பட்டது. அறிவியல் தோற்றதால் திட்டம் நிற்கவில்லை. எண்ணெய் விலை ஏறும் காலத்தில் பிறந்தது, இறங்கும் காலத்தில் கைவிடப்பட்டது, அவ்வளவுதான். நிறுவன ஆய்வாளராகப் போகும் ஒருவர் இதைத் தன் தனிப்பட்ட தோல்வியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை, இப்படி ஒருமுறை திட்டம் மூடப்பட்டு ஆறு மாதம் தூக்கம் கெட்ட அனுபவத்தில் சொல்கிறேன்.

1984-இல் விட்டிங்ஹாம் ஷ்லம்பர்ஜர் நிறுவனத்தின் கனெக்டிகட் ஆய்வகத்துக்குப் போனார். அது எண்ணெய்க் கிணறுகளுக்குள் கருவிகளை இறக்கிப் பாறைகளை அளக்கும் நிறுவனம். மின்கல வேதியியலோடு அதற்கு நேரடித் தொடர்பில்லை. அங்கே நான்கு ஆண்டுகள். ஆக, எக்ஸானில் 12, ஷ்லம்பர்ஜரில் 4, மொத்தம் 16 ஆண்டுகள் நிறுவன வாழ்க்கை. உங்கள் நெறியாளரின் கணக்குப்படி இந்த மனிதருக்குப் பல்கலைக்கழகக் கதவு எப்போதோ அடைபட்டிருக்க வேண்டும்.

1988-இல், 46-ஆவது வயதில், நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பிங்ஹாம்டன் வளாகத்தில் வேதியியல் பேராசிரியரானார். பொருள் வேதியியலுக்கென ஒரு கல்வித்திட்டத்தைத் தொடங்குவதற்காகவே வந்தார். எப்படி முடிந்தது? நோபல் அப்போது இல்லை. அது வர இன்னும் 31 ஆண்டுகள் இருந்தன. சோனியின் லித்தியம் அயனி மின்கலம் 1991-இல்தான் சந்தைக்கு வந்தது என்பதால், துறையே அப்போது சூடாக இருக்கவில்லை. என் பார்வையில் இரண்டு காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, நிறுவனத்தில் இருந்தபோதும் அவர் ஆய்வுச் சமூகத்தின் கண்ணிலிருந்து மறையவில்லை. அடிப்படைக் கண்டுபிடிப்பை 1976-இல் ஒரு முன்னணி அறிவியல் இதழில் எழுதினார். எக்ஸானில் இருந்த காலத்திலேயே, 1980-ஐ ஒட்டி, திண்மங்களுக்குள் அயனிகள் நகர்வதை ஆராயும் திண்மநிலை அயனியியலுக்கான ஆய்விதழைத் தொடங்கி, சுமார் 20 ஆண்டுகள் அதன் ஆசிரியராக இருந்தார். இன்னொருவரின் கட்டுரையைப் படித்துத் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இருப்பவரை யாரும் "துறையை விட்டுப் போனவர்" என்று சொல்ல முடியாது. மற்றொன்று, அவர் கையில் திரும்பிவந்து தொடரத்தக்க ஒரு கேள்வி இருந்தது.

அந்தக் கேள்வி பிங்ஹாம்டனில் என்ன ஆனது என்று பாருங்கள். அதற்கு ஒரு சிறு சுற்று வழி தேவைப்படுகிறது, அதில் நம் ஊர்க்காரர் ஒருவரும் வருகிறார். தமிழ்நாட்டில் ஒரு சிற்றூரில் பிறந்து, மதுரையில் படித்து, சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம், அந்த நோபல் மூவரில் இன்னொருவரான ஜான் குட்இனஃபிடம் ஆக்ஸ்ஃபோர்டில் ஆய்வாளராகச் சேர்ந்து, 1986-இல் அவரோடு டெக்சாஸுக்குப் போனார். ஆக்சைடுகளுக்குப் பதிலாக சல்ஃபேட், மாலிப்டேட் போன்ற தொகுதிகள் கொண்ட இரும்புச் சேர்மங்களை வைத்தால் மின்னழுத்தத்தை உயர்த்தலாம் என்று இருவரும் 1980-களின் இறுதியில் காட்டினார்கள். அந்தத் தடத்தில்தான் 1997-இல் டெக்சாஸில் லித்தியம் இரும்பு பாஸ்ஃபேட் வந்தது. இன்று எத்தனையோ மின்வாகனங்களிலும் மின்பேருந்துகளிலும் இருப்பது அதுதான். குட்இனஃப் 97 வயதில் நோபல் பெற்றபோது, அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரையை நிகழ்த்தியவரும் மந்திரம்தான்.

இந்தப் பாஸ்ஃபேட்டை மலிவாகச் செய்வது எப்படி என்ற கேள்விக்கு, 2001-ஐ ஒட்டி பிங்ஹாம்டன் குழு ஒரு வழி காட்டியது: மூடிய பாத்திரத்தில் தண்ணீரோடு சேர்த்துச் சூடாக்குவது. தூள் கிடைத்தது, ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு வேலை செய்யவில்லை. காரணத்தைத் தேடியபோது, குறைந்த வெப்பநிலையில் செய்தால் சில இரும்பு அணுக்கள் லித்தியம் இருக்க வேண்டிய இடத்தில் போய் அமர்ந்துவிடுவது தெரிந்தது. இந்தப் பொருளில் லித்தியத்துக்கு ஒற்றைத் திசையில்தான் பாதை; குறுகலான சந்தில் ஒரே ஒரு லாரி குறுக்கே நின்றாலும் பின்னால் வரும் எல்லாம் நின்றுவிடும். வெப்பநிலையை உயர்த்தியதும் இரும்பு தன் இடத்துக்குப் போனது, பாதை திறந்தது. இதைப் படிக்கும்போது எனக்கு நினைவு வந்தது எக்ஸானின் மிஞ்சிய டைட்டானியம். நிக்கல் மிகுந்த இன்றைய அடுக்கு ஆக்சைடுகளில் நிக்கல் லித்தியத்தின் அடுக்குக்குள் புகுந்துவிடுவதும் இதே குறைதான். அந்தப் பொருட்களிலும் அவருடைய குழு நீண்ட காலம் வேலை செய்தது. பொருள் மூன்று, பல்லாண்டு இடைவெளி, நிறுவனமும் பல்கலைக்கழகமும் வேறுவேறு. ஆனால் தவறான அணு பாதையை அடைப்பது என்ற நோய் ஒன்றே. தொழிற்சாலைத் தூளில் அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, பல்கலைக்கழகத்தில் அது சீக்கிரம் அகப்பட்டது என்று நான் நினைக்கிறேன். இது என் ஊகம்தான், அவர் இப்படிச் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மற்ற இருவரையும் ஒரு வரி பார்த்துவிடலாம். குட்இனஃப் எம்ஐடியின் லிங்கன் ஆய்வகத்தில் கணினி நினைவகத்துக்கான காந்தப் பொருட்களில் தொடங்கி, 1976-இல் ஆக்ஸ்ஃபோர்டு போய், 1980-இல் கோபால்ட் ஆக்சைடு நேர்மின்வாயைக் கொடுத்தார். பல்கலைக்கழகம் காப்புரிமை எடுக்க முன்வரவில்லை. யோஷினோவோ நிறுவனத்தை விட்டு நகரவே இல்லை. லித்தியம் உலோகத்துக்குப் பதிலாகக் கார்பன் பொருளை எதிர்முனையில் வைத்து 1985-இல் இன்றைய வடிவத்தை எட்டினார்; பாதுகாப்பைச் சோதிக்க, வெடிபொருள் சோதனை செய்யும் இடத்தில் மின்கலத்தின் மேல் இரும்புப் பாளத்தைப் போட்டுப் பார்த்தார்; முனைவர் பட்டத்தை 2005-இல் தன் 57-ஆவது வயதை ஒட்டித்தான் வாங்கினார்; நிறுவனத் தொடர்பை விடாமலே 2017-இல் மெய்ஜோ பல்கலைக்கழகப் பேராசிரியரும் ஆனார். மூவருக்கும் பொதுவான பாதை என்று ஒன்று இல்லை. ஆகவே "இந்த வரிசையில்தான் போக வேண்டும்" என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

சரி, ஏன் பாதி உண்மை என்றேன்? விட்டிங்ஹாம் வென்றவர், திரும்ப முயன்று முடியாமல் போனவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. 1970-களில் ஒரு பெருநிறுவனம் கொடுத்த அந்தச் சுதந்திரம் இன்று மிக அரிது. பெரும்பாலான நிறுவன ஆய்வு அடுத்த 18 மாதத்துக்குள் வரப்போகும் பொருளைச் சுற்றியே நடக்கிறது. நம் நாட்டில் உதவிப் பேராசிரியர் நேர்காணலில் கட்டுரைகளை எண்ணுவார்கள். ஐந்து ஆண்டுகள் நீங்கள் செய்த வேலை நிறுவனத்தின் பூட்டிய அலமாரியில் இருந்தால், அந்த மேசையில் அது சுழியம். பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் கொண்டுவந்த தொழில்துறைப் பேராசிரியர் திட்டம் முனைவர் பட்டம் கேட்பதில்லை என்பது நல்ல செய்தி. ஆனால் அதற்குக் குறைந்தது 15 ஆண்டு அனுபவம் வேண்டும், பணிக்காலம் பொதுவாக மூன்று ஆண்டுகளைத் தாண்டாது, அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 விழுக்காட்டுக்கு மேல் நிரப்ப முடியாது. முப்பது வயதில் இருக்கும் உங்களுக்கு அது இப்போதைக்கு உதவாது.

எனவே, போவதா வேண்டாமா என்பதைவிட எந்த நிபந்தனையில் போவது என்பதைப் பாருங்கள். ஒப்பந்தத்தில் வெளியீட்டைப் பற்றிய பத்தியைத் தேடிப் படியுங்கள்: காப்புரிமை விண்ணப்பம் போன பிறகு கட்டுரை எழுதலாம் என்று இருந்தால் நல்லது, "நிறுவனத்தின் விருப்பப்படி" என்று மட்டும் இருந்தால், சென்ற மூன்று ஆண்டுகளில் அந்தக் குழுவிலிருந்து எத்தனை கட்டுரைகள் வந்தன என்று நேர்காணலிலேயே கேளுங்கள். ஆய்விதழ்களுக்கு மதிப்பீடு செய்துகொடுக்க அனுமதி உண்டா என்றும் கேளுங்கள். அதற்குச் செலவில்லை, பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், விட்டிங்ஹாமின் கதையில் நான் மிகவும் மதிக்கும் பாடமும் அதுதான். ஆய்வேட்டில் நீங்கள் கையாண்ட அளவீட்டு முறையோ பொருளோ அங்கே ஏதாவது ஒரு வடிவத்தில் தொடருமா என்று பாருங்கள். முற்றிலும் தொடர்பில்லாத வேலையாக இருந்தால், இரண்டாண்டு முதுமுனைவர் ஆய்வு சிறந்தது என்ற உங்கள் நெறியாளரோடு நானும் உடன்படுகிறேன்.

ஒரு செய்தியை இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்க எரிசக்தித் துறை 2016-இல் ஐந்து ஆண்டுகளுக்கு 5 கோடி டாலர் ஒதுக்கி, ஒரு கிலோ மின்கலத்தில் 500 வாட்-மணி ஆற்றலைச் சேமிப்பது என்ற இலக்கோடு ஒரு கூட்டமைப்பை அறிவித்தது. அதில் பிங்ஹாம்டனும் இருந்தது, விட்டிங்ஹாம் தன் எழுபதுகளின் நடுவில் அதில் சேர்ந்தார். அந்த இலக்குக்காக அவர்கள் எடுத்துக்கொண்ட எதிர்மின்வாய், நியூ ஜெர்சியில் தீயணைப்புப் படையை வரவழைத்த அதே லித்தியம் உலோகம்.

ஒப்பந்தம் கைக்கு வந்ததும், நிறுவனத்தின் பெயரை நீக்கிவிட்டு வெளியீடு, காப்புரிமை, பணி விலகிய பின்னான கட்டுப்பாடு ஆகிய பத்திகளின் வாசகத்தை மட்டும் இங்கே எழுதுங்கள். எது பேசி மாற்றக்கூடியது என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.